பிஷப்பிடம் ஒப்படைத்த செல்வம்: 1805ஆம் ஆண்டுத் தீர்ப்பும் நம்முடைய உயில்களும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் நடந்த ஓர் உயில் வழக்கு. ‘மோரிஸ் எதிர் டர்ஹாம் பிஷப்’ என்று சட்டப் புத்தகங்களில் அதற்குப் பெயர். இங்கிலாந்தின் உயர் சான்சரி நீதிமன்றம் 1804இல் அதற்குத் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் 1805இல் அதே தீர்ப்பு உறுதியானது.

வழக்கமாக உயில் வழக்கு என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? கள்ளக் கையெழுத்து, மயக்கத்தில் வாங்கிய ரேகை, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றுச் சொத்தைச் சுருட்டிய எக்ஸிகியூட்டர். இந்த வழக்கில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. உயில் உண்மையானது. எழுதிய அம்மையார் தெளிந்த அறிவோடு எழுதினார். எக்ஸிகியூட்டரோ நாடறிந்த கொடையாளி. அந்தப் பணத்தில் எனக்கு ஒரு காசும் வேண்டாம் என்று நீதிமன்றத்திலேயே சொன்னவர். இருந்தும் அந்த அம்மையாரின் விருப்பம் நிறைவேறவில்லை. அவர் யாருக்குக் கொடுக்க நினைக்கவில்லையோ அவர்களிடம் அந்தச் செல்வம் போய்ச் சேர்ந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் ‘மீதிச் சொத்தைத் தருமத்துக்குச் செலவிடுக’ என்று நல்ல மனத்தோடு எழுதப்பட்ட உயில்கள் செல்லாமல் போனதற்கு வேர் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ‘பொது நலன்’ என்ற பெயரில் இன்று நாம் அமைக்கும் அறக்கட்டளைகளுக்கு இடம் கொடுத்த கருத்தும் அதே வழக்கின் வாதத்தில்தான் முளைத்தது.

முதலில் மனிதர்களைப் பார்ப்போம்.

உயில் எழுதியவர் ஆன் கிராச்சரோடு. அவருடைய தந்தை மார்டாண்ட் கிராச்சரோடு, ஆன்சன் தளபதி உலகைச் சுற்றிவந்த புகழ்பெற்ற கடற்பயணத்தில் கப்பற்படை வீரர்களுக்குத் தலைமை ஏற்றுச் சென்றவர். அதில் பெரும் செல்வம் சேர்த்தவர். அண்ணன் தம்பி என்று ஆனுக்கு இருந்தவர் கிளேட்டன் கிராச்சரோடு. மணம் செய்துகொள்ளாமல், புத்தகங்களையும் ஓவியங்களையும் நாணயங்களையும் சேர்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். 1799இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ 4,500 நூல்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விட்டுச் சென்றார். இன்றைய பிரிட்டிஷ் நூலகத்தின் பெருமைக்குரிய அடித்தளங்களில் அது ஒன்று. இரண்டு நூல்களை மட்டும் அவர் தனியே எடுத்து இரு நண்பர்களுக்குக் கொடுத்தார். அவற்றில் ஒன்று, பல மொழிகளில் அச்சான காம்ப்ளூட்டம் பைபிள். அதைப் பெற்ற நண்பர் டர்ஹாம் பிஷப் ஷூட் பாரிங்டன்.

குடும்பத்தின் நம்பிக்கைக்கு உரியவரான அந்தப் பிஷப்பையே ஆன் அம்மையாரும் தேர்ந்தெடுத்தார். 1801 ஏப்ரலில் அவர் எழுதிய உயிலில் உறவினர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனியாகத் தொகைகளை ஒதுக்கினார். இது முக்கியம், உறவினர்களை அவர் மறந்துவிடவில்லை. அவர்களுக்குத் தர விரும்பியதைத் தந்த பிறகுதான் மீதியைப் பற்றி எழுதினார். தம் அசையும் சொத்து முழுவதையும் பிஷப்பிடம் ஒப்படைத்து, கடன்களையும் உயில்கொடைகளையும் தீர்த்தபின் எஞ்சியதை, ‘நல்லெண்ணமும் தாராளமும் கொண்ட நோக்கங்களில்’ பிஷப் தம் விருப்பப்படி எவற்றை மிகவும் ஏற்கிறாரோ அவற்றுக்குச் செலவிட வேண்டும் என்றார். பிஷப்பையே தனி எக்ஸிகியூட்டராகவும் நியமித்தார்.

பிஷப் பாரிங்டன் எப்படிப்பட்டவர்? 1791 முதல் 1826இல் தம் தொண்ணூற்றோராம் வயதில் இறக்கும்வரை டர்ஹாமின் பிஷப்பாக இருந்தவர். இங்கிலாந்தின் மிகச் செழிப்பான மறைமாவட்டங்களில் அது ஒன்று. 1796இல் வில்பர்போர்ஸ், தாமஸ் பெர்னார்ட் போன்றவர்களோடு சேர்ந்து ஏழைகளின் நிலையை உயர்த்துவதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கியவர். பள்ளிகள் நிறுவியவர். ஓர் அம்மையார் தம் வாழ்நாள் செல்வத்தை நம்பி ஒப்படைப்பதற்கு அந்நாளில் இவரைவிடத் தகுதியான ஒருவரைத் தேடுவது கடினம்.

அம்மையார் இறந்த பிறகு, மோரிஸ் முதலிய நெருங்கிய உறவினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மீதிச் சொத்தைப் பற்றிய வாசகம் செல்லாது. உயிலே எழுதப்படாதது போல அந்தப் பகுதி எங்களுக்கு வரவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பிஷப் தம் பதில் மனுவில், தமக்கென்று எந்த உரிமையும் கோரவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அறத்துக்காகவே இதை வைத்திருக்கிறேன், அப்படியே செலவிட அனுமதியுங்கள் என்பதுதான் அவர் நிலை.

இந்த இடத்தில் இங்கிலாந்தின் அறச்சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 1601இல், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், அறச்சொத்துகளைத் தின்றவர்களை விசாரிப்பதற்காக ஒரு சட்டம் வந்தது. எந்தெந்தப் பணிகளுக்காக வைத்த சொத்துகள் என்று அதன் முன்னுரை ஒரு பட்டியல் தருகிறது. முதியவர்களையும் ஏழைகளையும் காப்பது, நோயுற்ற போர்வீரர்களையும் மாலுமிகளையும் பேணுவது, பள்ளிகளையும் பல்கலைக்கழக மாணவர்களையும் ஆதரிப்பது, பாலங்களையும் துறைமுகங்களையும் சாலைகளையும் தேவாலயங்களையும் பழுதுபார்ப்பது, அநாதைகளை வளர்ப்பது, ஏழைப் பெண்களுக்குத் திருமணம் செய்துவைப்பது, தொழில் தொடங்கும் இளைஞர்களுக்குக் கைகொடுப்பது, சிறைப்பட்டவர்களை மீட்பது என்று அது நீள்கிறது. ஊழலை விசாரிக்க எழுதிய அந்தப் பட்டியலை, நீதிமன்றங்கள் நாளடைவில் அறம் எது என்பதற்கான அளவுகோலாகவே ஆக்கிக்கொண்டன. ஒரு நோக்கம் பட்டியலில் இருக்க வேண்டும். அல்லது பட்டியலின் உணர்வுக்கு ஒத்திருக்க வேண்டும்.

அப்படி ஒத்திருந்தால் சட்டம் அந்தக் கொடையை எப்பாடுபட்டும் காப்பாற்றும். ‘அறத்துக்கு’ என்று மட்டும் எழுதி, எந்த அறம் என்று சொல்லாமல் விட்டாலும்கூடக் கொடை வீழாது. நீதிமன்றமே ஒரு திட்டம் வகுத்துச் செலவிட வழிசெய்யும். அரசின் தலைமை வழக்கறிஞர் பொதுமக்களின் சார்பில் காவலாக நிற்பார். ஆன் அம்மையார் அந்த ஒரு வார்த்தையை எழுதியிருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். அவர் எழுதியது ‘நல்லெண்ணம்’, ‘தாராளம்’. இவை அறத்தைவிட விரிந்தவை. வசதியான ஒரு நண்பருக்கு விலையுயர்ந்த பரிசு கொடுப்பதும் தாராளம்தான். அதை அறம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

உறவினர்களின் பக்கம் வாதாடியவர்களில் ஒருவர் சாமுவேல் ராமிலி. பிரான்சிலிருந்து சமயக் கொடுமைக்குத் தப்பி வந்த குடும்பத்தின் வழிவந்தவர். அற்பத் திருட்டுகளுக்கெல்லாம் தூக்குத் தண்டனை தந்த இங்கிலாந்தின் கொடிய சட்டங்களை எதிர்த்துப் பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் போராடியவர். இந்த வழக்கில் அவர் அறத்தை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார்: ஏழைகளின் துயர் நீக்குவது, கல்வியை வளர்ப்பது, சமயத்தை வளர்ப்பது, நான்காவதாகப் பொதுப் பயன் தரும் பணிகளை வளர்ப்பது. நல்லெண்ணமும் தாராளமும் இந்த நான்கையும் தாண்டிப் போகக்கூடியவை என்பது அவர் வாதம். ஒரு கொடையை வீழ்த்துவதற்காக அவர் வரைந்த இந்தப் பகுப்பு, பின்னாளில் எத்தனையோ கொடைகளை வாழவைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் விசாரணையில் தீர்ப்புச் சொன்னவர் மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ் என்ற நீதிபதிப் பதவியில் இருந்த சர் வில்லியம் கிராண்ட். ஸ்காட்லாந்தில் பிறந்து, இளமையில் கனடா சென்று அங்கே அட்டர்னி ஜெனரலாகப் பணியாற்றித் திரும்பியவர். அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது. ஒரு நம்பிக்கைப் பொறுப்பு என்றால், அதை நிறைவேற்று என்று நீதிமன்றம் ஆணையிடும்படி கேட்டு வருவதற்கு யாராவது ஒருவர் இருக்க வேண்டும். மகனுக்காக வைத்த பணம் என்றால் மகன் வருவான். அறத்துக்கு என்றால் அரசின் தலைமை வழக்கறிஞர் வருவார். ‘நல்லெண்ணமும் தாராளமும்’ என்றால் யார் வருவார்? உலகில் எவரும் இது எனக்கு உரியது என்று சொல்ல முடியாது. ஆகவே கொடை செல்லாது என்றார் கிராண்ட்.

பிஷப் மேல்முறையீடு செய்தார். அதைக் கேட்டவர் சான்சரி நீதிமன்றத்தின் தலைவரான லார்டு சான்சலர் எல்டன் பிரபு. நியூகாசில் நகரத்து நிலக்கரி வணிகரின் மகனாகப் பிறந்து, இடையில் ஓராண்டு நீங்கலாக ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தவர். ஐயம் தீராமல் எதையும் முடிவு செய்யாதவர் என்று பெயரெடுத்தவர். வழக்குகள் அவரிடம் ஆண்டுக்கணக்கில் தேங்கியதும் உண்டு. ஆனால் 1805இல் இந்த வழக்கில் அவர் சொன்னது தெளிவானது. இன்றளவும் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று.

அவர் சொன்னதன் சாரம் இது. ஒருவர் பிறருக்காகப் பொருளை வைத்திருக்கும்போது, அதை அவர் நடத்தும் விதம் நீதிமன்றத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டது. அப்படியானால் அந்தப் பொறுப்பு, மேற்பார்வை செய்யக்கூடிய தன்மை உடையதாக இருக்க வேண்டும். பொறுப்பாளர் தவறாக நடந்தால் நீதிமன்றம் திருத்த முடிய வேண்டும். அவர் இறந்துபோனால் நீதிமன்றமே அந்தப் பணியைச் செய்து முடிக்க முடிய வேண்டும். எந்தப் பொருள், எந்த நோக்கம் என்பது நிச்சயமாகத் தெரியாவிட்டால், நீதிமன்றத்தால் தவறைத் திருத்தவும் முடியாது, சரியான வழியைக் காட்டவும் முடியாது.

இதைக் கேட்கும் எவருக்கும் ஒரு மறுப்பு எழும். பிஷப் நல்லவர், அவர் செலவிடத் தயாராக நிற்கிறார், யாரும் வற்புறுத்தத் தேவையில்லையே, அவரை அவர் போக்கில் விட்டுவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. பிற்காலச் சட்ட அறிஞர்கள் பலரும் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். யாருமே கணக்குக் கேட்க முடியாத ஒரு பொறுப்பு, உண்மையில் பொறுப்பே இல்லை. வேறு பெயரில் வந்த உரிமை. பிஷப் அந்தப் பணத்தை எதற்குச் செலவிட்டாலும், ஏன் தமக்கே வைத்துக்கொண்டாலும், எவரும் அவரைத் தடுக்க முடியாது. ஆன் அம்மையார் அந்த உரிமையை அவருக்குக் கொடுக்கவில்லை. நம்பிக்கையின் பேரில் வைத்திரு என்றுதான் எழுதினார். பிஷப்பும் எனக்கு உரிமை இல்லை என்றே சொன்னார். அவருக்கும் உரிமை இல்லை, நோக்கமும் நிச்சயமில்லை என்றால், பொருள் உயில் எழுதாதவரின் சொத்தைப் போல நெருங்கிய உறவினரிடம் திரும்பும். எல்டன் அப்படித்தான் தீர்த்தார். கிராண்ட்டின் தீர்ப்பு நிலைத்தது.

எல்டனின் தீர்ப்பில் என் மனத்தைத் தொடுவது, அது எந்த மனிதரையும் சந்தேகிக்கவில்லை என்பதுதான். பிஷப் நேர்மையானவரா என்ற கேள்வியையே சட்டம் எழுப்பவில்லை. நேர்மையானவரும் ஒருநாள் இறப்பார். அவர் இடத்துக்கு வருபவர் எப்படிப்பட்டவரோ யார் அறிவார்? சட்டம் அந்த அடுத்தவரை எண்ணிப் பார்த்து எழுதப்படுவது. நம் ஊர்களில், ‘அவர் கையில் கொடுத்தால் போதும், எழுத்து எதற்கு?’ என்று பெரியவர்களை நம்பி ஒப்படைத்த எத்தனையோ சொத்துகள் அவர் காலத்தில் ஒழுங்காக நடந்து, அவர் பிள்ளைகள் காலத்தில் காணாமல் போயிருக்கின்றன. அதைப் பார்த்தவர்களுக்கு எல்டன் சொன்னதன் அருமை விளங்கும்.

சென்னையிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் கோயில் அறங்களுக்காகப் பெரும் செல்வத்தை உயிலில் விட்டுச் சென்றார். அவருக்குப் பின் அந்தச் செல்வம் சரியாக நடத்தப்படாமல் நீண்ட வழக்குகளில் சிக்கியது. சென்னை சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்டன் முன்னின்று உழைத்தார். அறங்களுக்கு ஒழுங்கு செய்தபின் எஞ்சிய நிதியில் கல்விக்கு வழி பிறந்தது. 1842இல் பச்சையப்பர் பெயரில் பள்ளி தொடங்கியது. தவறு நடந்தால் திருத்தவும், பொறுப்பாளர் கைவிட்டால் தானே ஏற்று நடத்தவும் ஒரு நீதிமன்றம் வேண்டும் என்று எல்டன் சொன்னாரே, அது இங்கே நடந்தது. நோக்கங்கள் குறிப்பாகத் தெரிந்திருந்ததால்தான் நீதிமன்றத்தால் காப்பாற்ற முடிந்தது.

இனி அந்த வழக்கின் வழித்தோன்றல்களைப் பார்ப்போம்.

ராமிலி சொன்ன நான்கு வகையை மறந்திருக்க மாட்டீர்கள். 1891இல் பெம்சல் என்ற வரி வழக்கில், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் மக்னாட்டன் பிரபு அதையே எடுத்துச் செப்பனிட்டு, அறத்தின் நான்கு பிரிவுகள் என்று நிலைநாட்டினார். அதற்கு ஓராண்டு முன்பே, 1890இல், இந்தியாவில் இயற்றப்பட்ட அறக்கொடைச் சட்டம் ஏழைகளின் துயர் நீக்கல், கல்வி, மருத்துவ உதவி, வேறெந்தப் பொதுப் பயன்பாட்டு நோக்கத்தையும் வளர்த்தல் என்று அறப்பணியை வகுத்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் அதே பாதையில் வந்தது. நூலகம் நடத்துகிறவர்கள், நலிந்த கலைகளைக் காப்பவர்கள் போன்றோர் வரிவிலக்குக் கேட்டு நிற்கும் வாசல் அந்த நான்காவது பிரிவுதான். 1805இல் ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் பிரித்துக் காட்டிய கருத்து, நம் ஊர் அறக்கட்டளைப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.

இரண்டாவது வழித்தோன்றல் வருத்தம் தருவது. 1899இல் பம்பாயிலிருந்து ஓர் உயில் வழக்கு, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. ரண்சோட்தாஸ் எதிர் பார்வதிபாய் என்பது அதன் பெயர். சொத்தைத் ‘தரம்’, அதாவது தருமத்துக்குச் செலவிடுமாறு உயில் சொன்னது. பிரிவி கவுன்சில் நீதிபதிகள் வில்சனின் அகராதியைப் பார்த்தார்கள். சட்டம், நற்குணம், சட்டப்படியோ ஒழுக்கப்படியோ உள்ள கடமை என்று அதில் பொருள் கண்டிருந்தது. இவ்வளவு விரிந்த பொருளை எந்த நீதிமன்றமும் மேற்பார்வை செய்ய முடியாது என்று சொல்லி, மோரிஸ் வழக்கில் எல்டன் வகுத்த விதியைப் பொருத்தி, கொடை செல்லாது என்று தீர்த்தார்கள்.

எல்டனின் விதி சரியானது. அதை இங்கே பொருத்திய முறை தவறானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓர் இந்து தம் உயிலில் தருமத்துக்கு என்று எழுதும்போது, அகராதி சொல்லும் ஒழுக்கக் கடமையையா நினைக்கிறார்? அன்னதானத்தை நினைக்கிறார், கோயில் விளக்கை நினைக்கிறார், குளத்தை, சத்திரத்தை, ஏழைப் பிள்ளையின் படிப்பை நினைக்கிறார்.

இப்படிச் சொன்னவர் நம் தமிழ்நாட்டு நீதிபதி ஒருவர். மதுரையில் வளர்ந்து, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர். 1907இல் பார்த்தசாரதி பிள்ளை எதிர் திருவேங்கடம் பிள்ளை என்ற வழக்கில், கொடை என்ற இடத்தில் தருமம் என்று எழுதினால், நம் சாத்திரக்காரர்கள் இஷ்டம், பூர்த்தம் என்று வகுத்திருக்கும் பணிகளையே அது குறிக்கும் என்று அவர் எடுத்துக்காட்டினார். வழிபாடும் வேள்வியும் இஷ்டம். குளமும் கிணறும் சோலையும் கோயிலும் அன்னசாலையும் பூர்த்தம். அதில் குழப்பத்துக்கு இடமில்லை. பிற்காலத்தில், தமக்கு அரசு தந்த பட்டத்தையே நாட்டின் மானத்துக்காகத் துறந்தவர் அவர். பிரிவி கவுன்சிலின் தீர்ப்பை அவரால் மாற்ற முடியவில்லை. ஆனால் அவர் சொன்னதை இந்தியச் சட்ட அறிஞர்கள் மறக்கவில்லை.

நான் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். காஞ்சி காமாட்சி இருநாழி நெல்லைக்கொண்டு முப்பத்திரண்டு அறம் வளர்த்தாள் என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். அந்த முப்பத்திரண்டையும் எலிசபெத் காலத்துப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே மாணவர்களுக்கு ஆதரவு. இங்கே ஓதுவார்க்கு உணவு. அங்கே அநாதைகளைப் பேணுதல். இங்கே மகவு வளர்த்தல். அங்கே ஏழைப் பெண்களின் திருமணம், இங்கே கன்னிகாதானம். அங்கே சிறைப்பட்டவர்க்கு உதவி; இங்கே சிறைச்சோறு. இதற்கு மேலும் தண்ணீர்ப் பந்தல், அறவைப் பிணம் சுடுதல், பசுவுக்கு வாயுறை, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சு தறி என்று நம் பட்டியல் நுணுக்கமாகப் போகிறது. இவ்வளவு திட்டமாக அறத்தை எண்ணிவைத்த ஒரு சமூகம் ‘தருமத்துக்கு’ என்று எழுதினால், அது எப்படித் தெளிவற்றதாகும்? இங்கிலாந்து தன் பட்டியலைத் துணைக்கு வைத்துக்கொண்டு தன் மக்களின் உயில்களைக் காப்பாற்றியது. நம் மக்களின் உயிலுக்கு நம் பட்டியலைத் துணைக்கு எடுத்திருக்க வேண்டும்.

நம் சட்டமன்றங்களில் ஒன்று இதைத் திருத்தியும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு பம்பாய் பொது அறக்கட்டளைச் சட்டம், தருமம், தர்மாதா, புண்ணிய காரியம், புண்ணியதானம் போன்ற நோக்கங்களுக்காக அமைந்த பொது அறக்கட்டளை, நோக்கம் நிச்சயமில்லை என்ற ஒரே காரணத்தால் செல்லாமல் போகாது என்று வெளிப்படையாக எழுதியது. அரைநூற்றாண்டுக்குப் பின் வந்த நீதி அது.

மூன்றாவது வழித்தோன்றல் மறுபடியும் இங்கிலாந்தில். 1936இல் கேலப் டிப்லாக் என்பவர் இறந்தார். மீதிச் சொத்தை ‘அறம் சார்ந்த அல்லது நல்லெண்ணம் சார்ந்த’ நோக்கங்களுக்கு எக்ஸிகியூட்டர்கள் தம் விருப்பப்படி கொடுக்கலாம் என்பது அவர் உயில். எக்ஸிகியூட்டர்கள் தாமதிக்கவில்லை. இரண்டு லட்சம் பவுனுக்கும் மேலான தொகையை 139 அறநிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பல மருத்துவமனைகள் அதில் பயன் பெற்றன. பிறகு தூரத்து உறவினர்கள் வந்தார்கள். 1944இல் பிரபுக்கள் சபை, மோரிஸ் வழக்கின் வழிநின்று, நடுவில் இருக்கும் ‘அல்லது’ காரணமாக அறம் அல்லாத நோக்கங்களுக்கும் வழி திறந்திருப்பதால் கொடை செல்லாது என்று தீர்த்தது. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற உறவினர்கள் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்து வென்றார்கள். 1951வரை அந்த வழக்குகள் நீண்டன. நல்லெண்ணத்தோடு செயல்பட்ட எக்ஸிகியூட்டர்களும், நல்லெண்ணத்தோடு பெற்றுக்கொண்ட மருத்துவமனைகளும் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட ஒரு தீர்ப்பை உயில் எழுதியவர் மனத்தில் வைத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

இதிலிருந்து எக்ஸிகியூட்டர்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. உயிலின் வாசகத்தில் ஐயம் இருந்தால், பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு யோசிக்கக் கூடாது. முதலில் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலைக் கேட்க வேண்டும். பிஷப் பாரிங்டனை நீதிமன்றத்துக்கு அழைத்தவர்கள் உறவினர்கள்தான். ஆனாலும் அவர் தமக்கென எதையும் கோராமல், தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார். அதனால் அவர் பெயரில் ஒரு மாசும் இல்லை.

எல்டனின் விதி இன்று நம் நாட்டில் எங்கே உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவைக் காட்டுவேன். பொது அறக்கட்டளையில் தவறு நடந்தால், அட்வகேட் ஜெனரலோ, நீதிமன்றத்தின் அனுமதி பெற்ற இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ வழக்குத் தொடுக்கலாம். நீதிமன்றம் அறங்காவலரை நீக்கலாம், புதியவரை நியமிக்கலாம், கணக்குக் கேட்கலாம், திட்டம் வகுக்கலாம். அதன் அடியில் இருப்பது 1805இல் சொன்ன அதே நியாயம். அந்தப் பக்கம், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, நிச்சயமான எண்ணத்தை வெளிப்படுத்தாத உயிலும் உயில்கொடையும் செல்லாது என்கிறது. ஒரு பக்கம் காவல், மறுபக்கம் எச்சரிக்கை. இரண்டுக்கும் நடுவில்தான் நாம் உயில் எழுதுகிறோம்.

ஆகவே இந்த அவையில் இருப்பவர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

உயில் எழுதுகிறவர்களே, உங்கள் மனத்தில் இருக்கும் அறத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘தரும காரியங்களுக்கு’ என்று நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊர்ப் பள்ளி, எந்தக் கோயிலின் எந்தக் கட்டளை, எத்தகைய பிள்ளைகளின் படிப்பு என்று எழுதுங்கள். அந்தப் பணி பிற்காலத்தில் நடக்க முடியாமல் போனால் அதற்கு நெருங்கிய வேறெந்த அறத்துக்குப் போகவேண்டும் என்றும் எழுதுங்கள். நீங்கள் நம்பும் ஒருவரை நியமித்தால், அவருக்குப் பின் யார் என்பதையும் எழுதுங்கள். கணக்கை யாரிடம் காட்ட வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

எக்ஸிகியூட்டர்களே, அறங்காவலர்களே, உங்களிடம் கணக்குக் கேட்டால் அதை அவமதிப்பாக எண்ணாதீர்கள். டர்ஹாம் பிஷப்பையே கேட்டார்கள்; அவர் பதில் சொன்னார். கணக்குக் கேட்கும் உரிமைதான் நீங்கள் ஏற்றிருப்பதை அறப்பொறுப்பாக ஆக்குகிறது.

இளம் வழக்கறிஞர்களே, உங்களிடம் முதியவர் ஒருவர் வந்து, மீதியை நல்ல காரியத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்பார். அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடாதீர்கள். எந்த நல்ல காரியம் என்று பொறுமையாகக் கேளுங்கள். அவர் சொல்லத் தயங்கினால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். ஆன் கிராச்சரோடு அம்மையாரிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அவருடைய செல்வம் ஏழைகளைச் சென்று சேர்ந்திருக்கும். உங்கள் முன் வந்து உட்காரும் ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.